ஓடாத வண்டிக்கு என்ன விலை?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கோவளத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாயிராது. சென்னைப் பக்கமிருந்து சிவப்பும் மஞ்சளுமாய், தரையோடு தரையாகப் பதிந்த விளையாட்டுக் கார்கள், அதாவது ஸ்போர்ட்ஸ் கார்கள், வரிசையாக வரும். மாமல்லபுரத்தில் காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு வெயில் ஏறுமுன் திரும்பிவிடும். வாரத்திற்கு ஒரு நாளாவது வெளியே வரும் வண்டிகள் இவை. இதே சாலையோரத்துப் பங்களாக்களின் ஷெட்டுகளில் ஆண்டு முழுதும் வெளியே வராமலே நிற்கும் வண்டிகளும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு வண்டிக்கு விலை மதிப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வேதியியல் மாணவனுக்கும் கார் விலைக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் கேட்கலாம். சம்பந்தம் என் வீட்டிலிருந்தே வந்தது. என் தந்தையார் அச்சாலையில் உள்ள ஒரு பங்களாவில் காவலும் தோட்ட வேலையும் பார்ப்பவர். அங்கே உரிமையாளரின் கார் ஒன்று ஐந்தாண்டுகளுக்கு மேலாக நின்றது. வெளிநாட்டிலிருந்து நம் நாட்டிற்கு எண்ணி வந்த வகை. அதன் பெயரை எழுதினால் உரிமையாளர் யாரென்று கண்டுபிடித்துவிடலாம். இந்தியாவுக்கு வந்ததே அவ்வளவுதான். ஆகவே பெயரை விட்டுவிடுகிறேன். மீட்டரில் ஏழாயிரம் கிலோமீட்டர் சொச்சம். "வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வை" என்பது என் தந்தையாருக்கு இடப்பட்ட உத்தரவு. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. சாவியைத் திருப்பவும் நிறுத்தவும் மட்டும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் அதைச் செய்தார். செய்ததை ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதியிட்டுக் குறித்தும் வைத்தார்.

சென்ற கோடையில் வண்டியை விற்க முடிவாயிற்று. சென்னையிலிருந்து பழைய கார் வியாபாரி ஒருவர், உடன் ஒரு மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு வந்தார். உரிமையாளர் எதிர்பார்த்தது ஏறக்குறைய புது வண்டியின் விலை. "ஓடவே இல்லையே" என்பது அவர் வாதம். மெக்கானிக் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் பட்டியல் போட்டார்: பிரேக் டிஸ்க்குகள் துருப்பிடித்துக் குழி விழுந்திருக்கின்றன; டயர்கள் ஒரே இடத்தில் நின்று தட்டையாகிவிட்டன; பாட்டரி போய்விட்டது; ஆயில் மூடிக்கு அடியில் மோர் போல வெள்ளையாகப் படிந்திருக்கிறது. வியாபாரி சொன்ன விலை, கேட்டதைவிட மிகவும் தாழ்ந்திருந்தது. உரிமையாளருடைய கோபம் என் தந்தையார் மேல் திரும்பிற்று. அன்றிரவு அவர் என்னிடம் கேட்ட கேள்வி இது: "ஏம்பா, ஸ்டார்ட் பண்ணி வெச்சா வண்டி கெட்டுப்போகுமா?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு படித்தும், வண்டித் தொழிலில் உள்ளவர்களிடம் கேட்டும் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

முதலில் விலை என்னும் விஷயம். பழைய கார் என்றாலே "ஆண்டுக்கு இவ்வளவு கழிவு" என்றொரு வாய்பாடு பலர் மனத்தில் இருக்கின்றது. அதற்கு அடிப்படை காப்பீட்டுக் கம்பெனிகள் பின்பற்றும் அட்டவணைதான். அதன்படி புதிய வண்டியின் விலையில் முதல் ஆறு மாதத்திற்கு 5 சதவீதமும், ஓராண்டு முடிவதற்குள் 15 சதவீதமும், இரண்டாம் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதமும் கழிக்கப்படும். ஐந்தாண்டு கடந்துவிட்டால் அட்டவணை கைவிரித்துவிடும். கம்பெனியும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகையே மதிப்பு. இந்த அட்டவணை வண்டி திருடுபோனாலோ முற்றிலும் நொறுங்கினாலோ எவ்வளவு தருவது என்பதற்காக ஏற்பட்டது. அதில் கிலோமீட்டருக்கு இடமில்லை. ஒரு இலட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியும் ஷெட்டைவிட்டு அசையாத வண்டியும் அதற்கு ஒன்றே. அபூர்வ வண்டி என்பதற்கும் இடமில்லை. ஆகவே நம் கேள்விக்கு அது உதவாது. ஆனாலும் வியாபாரிகள் பேரத்தைத் தொடங்கும்போது இந்த எண்ணைத்தான் முதலில் வீசுகிறார்கள் என்பதைக் கவனித்தேன்.

குறைந்த எண்ணிக்கையில் வரும் வண்டிகள் எப்படி வருகின்றன என்பதையும் சொல்லவேண்டும். 2018ஆம் ஆண்டு மத்திய அரசு ஒரு சலுகை அளித்தது. வெளிநாட்டுத் தரச்சான்று பெற்ற வண்டிகளை, இங்கே மறுபடியும் முழுச் சோதனைக்கு உட்படுத்தாமல், ஒரு கம்பெனி ஆண்டுக்கு 2,500 வரை இறக்குமதி செய்துகொள்ளலாம் என்பது அது. இதன்படி 2020இல் ஸ்கோடா கம்பெனி ஆக்டேவியா ஆர்.எஸ். 245 என்னும் வேகமான காரை 200 எண்ணிக்கை மட்டும் கொண்டுவந்து 35.99 இலட்சத்திற்கு விற்றது; அத்தனையும் விற்றுத் தீர்ந்தது. மறுபடியும் 2025 அக்டோபரில் புதிய ஆர்.எஸ். 100 வண்டிகள், 49.99 இலட்சத்தில் வந்து, அவையும் முன்பதிவிலேயே தீர்ந்தன. இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 2016இல் ஃபோக்ஸ்வாகன் கம்பெனி போலோ ஜி.டி.ஐ. என்னும் இரண்டு கதவுக் காரை 99 மட்டுமே என்று அறிவித்து ஏறக்குறைய 26 இலட்சத்திற்கு விற்பனைக்கு வைத்தது. போலோ என்ற பெயரில் நம் சாலைகளில் ஓடும் சாதாரணக் காரின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் தயங்கினர். மறு ஆண்டே விலை 20 இலட்சத்திற்குக் குறைக்கப்பட்டது. முதலில் அவசரப்பட்டு வாங்கியவர், வண்டியைத் தெருவில் இறக்குமுன்பே ஆறு இலட்சம் இழந்தவர் போலானார். 99 என்பது 200ஐவிடக் குறைந்த எண்தான். எண்ணிக்கை குறைவு என்ற ஒன்றே விலையைத் தாங்கிவிடாது என்பதற்கு இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும்.

இதே பாடத்தை நம் பக்கத்துக் கம்பெனியான ராயல் என்ஃபீல்டும் கற்றுத்தந்திருக்கிறது. கார் இல்லை, மோட்டார் சைக்கிள். ஆனால் நம் வகுப்பில் பாதிப் பேருக்குக் காரைவிட இதுதான் நன்கு விளங்கும். இரண்டாம் உலகப் போரில் விமானத்திலிருந்து பாராசூட்டில் இறக்கப்பட்ட 'ஃப்ளையிங் ஃப்ளீ' என்னும் சிறு வண்டியின் நினைவாக, 2018இல் கிளாசிக் 500 பெகாசஸ் என்ற வகை உலகம் முழுவதற்குமாக 1,000 வண்டிகள் வெளியிடப்பட்டது. இந்தியாவுக்கு 250. ஜூலை மாதம் இணையத்தில் விற்பனை திறந்த 178 வினாடிகளில் அத்தனையும் தீர்ந்தது. டாங்கின் மேல் ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை எண். வாங்கியவர்கள் அபூர்வப் பொருள் கிடைத்தது என்று மகிழ்ந்திருக்கையில், ஒரு மாதம் சென்று அதே கம்பெனி கிளாசிக் 350 சிக்னல்ஸ் என்று மற்றொன்றை வெளியிட்டது. அதுவும் இராணுவச் சாயல் கொண்டது; விலை குறைவு; போதாக்குறைக்கு, பெகாசஸில் இல்லாத ஏ.பி.எஸ். பிரேக்கும் அதில் இருந்தது. பெகாசஸ்காரர்களில் சிலர் வெளிப்படையாகவே கொதித்தனர். எண்ணிக்கையில் ஒன்றும் குறையவில்லை. 250 வண்டிகள் 250ஆகவே இருந்தன. அதைப் போன்ற மற்றொன்று கடைக்கு வந்ததுதான் மாற்றம்.

மேல்நாட்டில் இதற்கு மிகவும் பேசப்பட்ட உதாரணம் போர்ஷ 911 ஆர். 2016இல் 991 வண்டிகள் மட்டும் கட்டப்பட்டன. கையால் கியர் மாற்றும் முறை வேண்டுமென்று ஏங்கியவர்களுக்காக வந்த வண்டி அது. சந்தையில் அசல் விலையைப் போல் பல மடங்கு கேட்கப்பட்டது. மறு ஆண்டு அதே கம்பெனி 911 ஜி.டி.3 டூரிங் என்று, எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லாமல், கை கியருடன் ஒரு காரைத் தந்தவுடன் 911 ஆர் விலை இறங்கிற்று. ஆனால் 1962க்கும் 1964க்கும் இடையே கட்டப்பட்ட 36 ஃபெராரி 250 ஜி.டி.ஓ. கார்களுக்கு இந்த ஆபத்து இல்லை. பந்தயத்தில் வென்ற அந்தப் பழைய கார்களை எவரும் மறுபடி கட்டி விற்க முடியாது. அவற்றில் ஒன்று 2018இல் அமெரிக்க ஏலத்தில் 4.84 கோடி டாலருக்குப் போயிற்று. நம் பங்களா ஷெட்டுக் காரை இந்த வரிசையில் வைக்க உரிமையாளர் விரும்பினார். பாவம், வியாபாரி அதைப் போர்ஷ வரிசையில்கூட வைக்கவில்லை.

சரி, வியாபாரி எப்படித்தான் மதிப்பிடுகிறார்? அவரிடமே கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். அதே வகை வண்டிகள் அண்மையில் என்ன விலைக்குக் கைமாறின என்பதை முதலில் தேடுவாராம். விளம்பரத்தில் கேட்கும் விலை கணக்கில் சேராது. பணம் கைமாறிய விலைதான் கணக்கு. சாதாரண வண்டியானால் இத்தகைய விற்பனைகள் நூற்றுக்கணக்கில் கிடைக்கும், சராசரி எடுத்துவிடலாம். 200 வண்டிகளே உள்ள வகையில் ஆண்டுக்கு நாலைந்து விற்றால் அதிகம். புள்ளியியல் படிக்கும் நண்பர்கள் இதன் சங்கடத்தை உணர்வார்கள்.

கற்பனை எண்களைக் கொண்டு கணக்கைக் காட்டுகிறேன். ஒரே வயதுள்ள இரண்டு வண்டிகள் விற்றுள்ளன என்று வைத்துக்கொள்வோம். 20,000 கிலோமீட்டர் ஓடியது 24 இலட்சத்திற்கும், 35,000 ஓடியது 22.5 இலட்சத்திற்கும் போயின. 15,000 கிலோமீட்டர் வித்தியாசத்திற்கு ஒன்றரை இலட்சம். அதாவது கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய். இந்தக் கோட்டை அப்படியே இடப்பக்கம் நீட்டினால் 7,000 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு 25.3 இலட்சம் வருகிறது. உரிமையாளர்கள் மனத்தில் போடும் கணக்கு இதுதான். ஆனால் இரு புள்ளிகளுக்கு இடையே மதிப்புக் காண்பது வேறு, புள்ளிகளுக்கு வெளியே கோட்டை நீட்டுவது வேறு என்பதை நாம் செய்முறை வகுப்பில் வரைபடத் தாளில் கற்றிருக்கிறோம். 20,000க்குக் கீழே அதே கோடு செல்லும் என்பதற்கு ஆதாரமில்லை. நின்ற வண்டியில் செய்யவேண்டிய செலவுகளைக் கழிப்போம்: நான்கு டயர் 60,000, பாட்டரி 15,000, டிஸ்க்கும் பேடும் 80,000, ஆயில் முதலிய திரவங்கள் எல்லாம் மாற்ற 30,000. மொத்தம் 1,85,000. மிஞ்சுவது 23.45 இலட்சம். இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடி, ஒழுங்காகச் சர்வீஸ் செய்யப்பட்ட வண்டியைவிடக் குறைவு! இந்த விடையைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாயிருந்தது. இரண்டு முறை சரிபார்த்தேன்.

இனி, நிற்பதனால் அப்படி என்ன கெட்டுவிடும் என்பதைக் காண்போம். இங்கேதான் நம் பாடம் வருகிறது.

கடற்கரைக் காற்றில் உப்பு நுண்துளிகளாக மிதக்கின்றது. தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டும்போது தானே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். கோவளம் பக்கம் 33 சதவீதத்திற்குக் கீழ் ஈரப்பதம் இறங்குவது அபூர்வம். ஆகையால் உப்புப் படிந்த உலோகத்தின் மேல், நாம் காய்ந்திருப்பதாக நினைக்கும் வேளையிலும், கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் ஒன்று இருந்துகொண்டே இருக்கும். அந்தப் படலமே மின்பகுளி. இரும்பின் ஓர் இடம் எலெக்ட்ரான்களை இழந்து கரைய, பக்கத்து இடத்தில் ஆக்ஸிஜனும் நீரும் அவற்றை ஏற்க, ஆயிரக்கணக்கான சிறு மின்கலங்கள் ஓசையின்றி வேலை செய்கின்றன. அலுமினியத்தைக் காப்பாற்றும் ஆக்ஸைடு படலத்தையும் குளோரைடு அயனி துளைத்துவிடும். அலாய் சக்கரத்தில் ஊசி குத்தியது போன்ற புள்ளிகள் அவ்வாறு வருபவை. இரண்டு புது ஆணிகளை எடுத்து ஒன்றைப் பங்களா ஷெட்டிலும் மற்றொன்றைச் செங்கற்பட்டில் கொளவாய் ஏரிப் பக்கம் உள்ள எங்கள் வீட்டு ஜன்னலிலும் கட்டித் தொங்கவிட்டேன். ஏரியும் ஈரந்தான், ஆனால் ஒரு வாரத்தில் பங்களா ஆணி முழுவதும் சிவந்துவிட, வீட்டு ஆணியில் தலைப்பக்கம் மட்டும் லேசான கறை. மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலின் கல்லே இந்த உப்பிலிருந்து தப்பவில்லை. தொல்லியல் துறையினர் காகிதக் கூழை ஈரமாகச் சுவரில் அப்பி, கல்லுக்குள் இறங்கிய உப்பை வெளியே உறிஞ்சி எடுக்கிறார்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுக் கருங்கல்லின் கதி அதுவானால், வார்ப்பிரும்பு எம்மாத்திரம்?

பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பினால் ஆனது. அதன்மேல் பேட் உராயவேண்டியிருப்பதால் பெயிண்ட் பூச முடியாது. ஓடும் வண்டியில் ஒவ்வொரு முறை பிரேக் மிதிக்கும்போதும் அன்றைய துரு துடைக்கப்பட்டுவிடும். நிற்கும் வண்டியில் துடைப்பார் இல்லை. துரு ஆழமாக இறங்கிக் குழியாகிறது.

டயரின் கதை இன்னும் சுவையானது. ரப்பரின் இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் தாக்கி வெடிக்கச் செய்யும். அதைத் தடுக்க ரப்பரில் மெழுகும் பாதுகாப்புப் பொருள்களும் கலக்கிறார்கள். டயர் உருண்டு வளைந்து நிமிரும்போதுதான் அவை உள்ளிருந்து மேற்பரப்புக்கு நன்கு வரும். உருளாத டயர் தன் மருந்தைத் தானே பூசிக்கொள்ள முடியாமல் முதுமை அடைகிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2219 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பழைய வண்டி வாங்கப் போகும் எவரும் இதைப் படிக்கக் கற்றுக்கொள்ளலாம். மீட்டர் பொய் சொன்னாலும் இந்த எண் சொல்லாது. பிரேக் திரவமோ காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சும் குணமுடையது. டாட் 4 என்ற வகை புதிதாயிருக்கையில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிய நிலையில் அது 155 வரை இறங்கலாம். இதற்கு ஓட்டம் கணக்கில்லை, காலமே கணக்கு. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பது அதனால்தான்.

இப்போது என் தந்தையாரின் கேள்விக்கு வருகிறேன். பெட்ரோலை ஆக்டேன் என்று எடுத்துக்கொண்டால், 114 கிராம் எரிந்து 162 கிராம் நீரைத் தருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். அது எரிந்தால் ஒரு லிட்டருக்குச் சற்று மேற்பட்ட நீர் உண்டாகும். நெருப்பிலிருந்து தண்ணீர் வருகிறதென்றால் வீட்டில் நம்பமாட்டார்கள். நான் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். நின்றபடி ஓடும் இரண்டு லிட்டர் என்ஜின் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் பெட்ரோல் குடிக்கும் என்று கொண்டால், பத்து நிமிடத்திற்கு 150 மில்லிக்கு மேல். அதே அளவு நீர். ஆண்டுக்கு 52 ஞாயிறுகள். எட்டு லிட்டருக்கு மேற்பட்ட நீர் அந்த என்ஜினில் பிறந்திருக்கின்றது. என்ஜின் நன்றாகச் சூடேறியிருந்தால் ஆவியாக வெளியேறிவிடும். பத்து நிமிடத்தில் ரேடியேட்டர் நீர் வேண்டுமானால் சூடாகும். ஆயிலும் சைலன்ஸரும் முழுச் சூட்டை எட்டா. ஆகவே ஒரு பகுதி சைலன்ஸருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் தங்கிவிடும். ஆயிலும் நீரும் கலந்த குழம்புதான் மெக்கானிக் காட்டிய மோர். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு கலக்கப்படுகிறது. எத்தனால் நீரை விரும்புவது, நாள்பட நின்ற டாங்கில் ஈரத்தைச் சேர்க்கும். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பல வண்டிகள் இக்கலவையை மனத்தில் கொண்டு கட்டப்பட்டவையும் அல்ல. பாட்டரிக்கோ, ஸ்டார்ட் செய்ய எடுத்த மின்சாரத்தோடு, வாரம் முழுதும் அலாரம் முதலியவை உறிஞ்சியதும் சேர, அந்தப் பத்து நிமிடம் திருப்பிக் கொடுத்தது போதவில்லை. குறைந்த மின்னேற்றத்திலேயே கிடந்த ஈயத் தகட்டில் சல்ஃபேட் இறுகிவிட்டது. மேலே போர்த்திய நீல நிறத் தார்ப்பாய் ஈரத்தை வெளியே விடாமல் அடைத்து வைத்தது.

செய்திருக்கவேண்டியது இரண்டில் ஒன்று. பதினைந்து நாளுக்கு ஒருமுறை இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டி என்ஜினை முழுச் சூட்டுக்குக் கொண்டுவந்திருக்கவேண்டும். இல்லையேல், டயரில் காற்றைக் கூட்டி, பாட்டரிக்குச் சிறு சார்ஜரைப் பொருத்தி, காற்றுப் புகும் துணியால் மூடி, ஸ்டார்ட் செய்யாமலே விட்டிருக்கவேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட வழியே மிகவும் கெடுதலானது. உத்தரவு போட்டவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. "ஸ்டார்ட் பண்ணதால கெட்டுப்போச்சுப்பா, ஆனா நீங்க சொன்னதைத்தான் செஞ்சீங்க" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அந்த எட்டு லிட்டர் கணக்கை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

வண்டியின் உடம்பைத் தவிர விலையைத் தொடும் வேறு சில உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயிண்டின் தடிமனைச் சிறு கருவியால் பார்க்கிறார்கள். தொழிற்சாலைப் பூச்சு பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் இருக்கும், ஓரிடத்தில் மட்டும் மிகுந்திருந்தால் டிங்கரிங் நடந்தது என்று பொருள். ஆர்.சி.யில் கடன் குறிப்பு இருந்தால் படிவம் 35 வேண்டும். கைமாற்றத்திற்கு 29, 30. புதுச்சேரிப் பதிவு வண்டிகள் இச்சாலையில் ஏராளம். அவற்றைத் தமிழ்நாட்டுக்காரர் வாங்கிப் பதிவை மாற்றினால் இங்கே வரி கட்டவேண்டும். 2023 நவம்பர் முதல் 20 இலட்சத்திற்கு மேற்பட்ட புதுக் கார்களுக்கு ஆயுள் வரியே 20 சதவீதம். பழையதற்கு வயதுக்கேற்பக் குறைவு. அந்தத் தொகையை வாங்குபவர் விலையில் கழிக்காமல் விடமாட்டார். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்கள் மீதான மொத்த வரி 40 சதவீதமாகக் குறைந்து புதிய வண்டிகளின் விலை இறங்கியபோது, பழைய வண்டிகளின் விலையும் கூடவே இறங்க நேர்ந்தது.

கம்பெனியே போய்விட்டால் என்னாகும் என்பது நம் மாவட்டத்தாருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மறைமலைநகர் ஃபோர்டு தொழிற்சாலை 2021 செப்டம்பரில் அறிவித்து 2022 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திற்று. உதிரிப் பாகம் கிடைக்குமோ என்ற பயம் ஒரு புறம் விலையை இழுக்க, இனி இப்படியொரு வண்டி வராதே என்ற ஆசை எண்டவர் போன்ற வண்டிகளுக்கு ஆள் சேர்த்தது. வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1960களில் கட்டிய ஹெரால்டு கார்கள் இன்று ஐம்பது வயதைக் கடந்து, 2021ஆம் ஆண்டு விதிகளின்படி பழம்பெரும் வாகனம் என்று தனிப் பதிவு பெறும் தகுதியை அடைந்துவிட்டன. அவற்றை வைத்திருப்பவர்களுக்குக் கிலோமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. அசல் பாகங்கள் எத்தனை மிச்சமிருக்கின்றன என்பதே பேச்சு.

கடைசியாக ஒன்று. வியாபாரி இரண்டாம் முறை வந்தபோது, 7,000 கிலோமீட்டர் என்பது உண்மைதானா என்று கேட்டார். இந்நாளைய மின்னணு மீட்டரையும் திருத்திவிடுகிறார்கள். சர்வீஸ் ரசீதுகள் இரண்டாண்டுக்கு மட்டுமே இருந்தன. அதன்பின் வண்டி சர்வீசுக்கே போகவில்லை. அப்போது என் தந்தையார் தம் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். அவர் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். ஒவ்வொரு ஞாயிறும் தேதி, ஸ்டார்ட் செய்த நேரம், நிறுத்திய நேரம் ஆகியவற்றோடு, கண்ணெதிரே எண் தெரிகிறதே என்று மீட்டரையும் பார்த்து எழுதியிருந்தார். மாதக்கணக்கில் ஒரே எண். உரிமையாளர் எப்போதாவது வெளியே எடுத்த வாரங்களில் மட்டும் முப்பது, நாற்பது கூடியிருந்தது. வியாபாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். உரிமையாளர் அந்த நோட்டை அதற்குமுன் பார்த்ததில்லை.

வியாபாரி தம் முதல் விலையிலிருந்து சற்று ஏறி வந்தார் என்று கேள்வி. எவ்வளவு என்பது எங்களுக்குச் சொல்லப்படவில்லை. வண்டியோடு நோட்டையும் கேட்டார். "ஜெராக்ஸ் வேணா எடுத்துக்கோங்க சார், நோட்டு என்னுது" என்றார் என் தந்தையார். அவ்வாறே கோவளம் கடைத்தெருவில் பிரதி எடுத்துக் கொடுக்கப்பட்டது. அசல் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றது. கடைசிப் பக்கத்தில், வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோன நாளின் தேதியும் 7,118 என்ற எண்ணும் உள்ளன.